கடைசி நேர ஹோட்டல் அறை: ஊட்டிக்கும் திருவண்ணாமலைக்கும் இது ஒத்துவராது

கடைசி நேரத்தில் அறை எடுத்தால்தான் மலிவு என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அலுவலக வேலையாக வருபவர்களை நம்பி நடக்கும் சென்னை, கோவை ஹோட்டல்களில் சனி, ஞாயிறு அறைகள் காலியாக இருக்கும். அங்கே அது சரிதான். மே மாத ஊட்டியில் மட்டும் அதை நம்பிப் போய்விடாதீர்கள். மலர் கண்காட்சி நேரத்தில் வாடகை ஏறுமே தவிர இறங்காது. போதாததற்கு, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இணையத்தில் பதிந்து எடுக்கும் இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பே வைத்தார்கள்.

திருவண்ணாமலையில் பௌர்ணமி, கார்த்திகை தீபம் என்றால் கேட்கவே வேண்டாம். 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்துக் கால் வீங்கி வரும் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு நள்ளிரவில் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்குவது பெரிய கொடுமை.

நான் செய்வது இதுதான். தேதி முடிவானதும், கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்து முன்பதிவு செய்துவிடுவேன். ரத்துக்கான கெடு முடியும் முன் வாடகையை மறுபடி பார்ப்பேன். குறைந்திருந்தால் முதலில் புதிய அறை, அது உறுதியான பிறகே பழையது ரத்து. 'ரீஃபண்ட் கிடையாது' என்று போட்டிருக்கும் அறை கொஞ்சம் மலிவாகத் தெரியும். குழந்தைகளோடு போகிறவர்கள் தயவுசெய்து அதை எடுக்காதீர்கள். ஹோட்டலுக்கே போன் போட்டும் கேளுங்கள், முன்பதிவு செயலிக்குத் தரும் கமிஷன் மிச்சமாவதால் சில இடங்களில் குறைத்துத் தருவார்கள்.