"நாம்" என்று மட்டுமே பேசத் தெரிந்த ஓர் உயிரினம்

அறிவியல் புனைகதைகளில் கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள வேற்றுக்கிரக உயிரினம் வந்தால், அதற்குப் பெரும்பாலும் இரண்டு வேடங்களில் ஒன்றுதான் கிடைக்கிறது. ஒன்று கொள்ளைநோய், மற்றொன்று, ஊர் கட்டி, அரசனுக்கு முடிசூட்டி, அண்டை நாட்டோடு போரிடும் குட்டி மனிதக் கூட்டம். முதல் வேடத்தில் அறிவியல் சற்று நொண்டுகிறது என்றால், இரண்டாவதில் அது எழுந்து நிற்பதே இல்லை என்பது என் கருத்து.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வைரஸ் நம் உயிரணுவுக்குள் நுழைய வேண்டுமானால் அந்த உயிரணுவின் பூட்டுக்கேற்ற சாவி அதனிடம் இருக்க வேண்டும்; அந்தச் சாவி, நம்மோடும் நம்மைப் போன்ற உயிர்களோடும் நெடுங்காலம் உறவாடிப் பெற்றது. தக்காளிச் செடியை வாட்டும் வைரஸ், நமக்குள்ள அதே மரபுக் குறியீட்டைப் பயன்படுத்தியும், தக்காளியைத் தின்னும் நம்மை ஒன்றும் செய்வதில்லை. அப்படியிருக்க, வேறொரு உலகத்துக் கிருமி வந்த மறுநாளே நம் நுரையீரலில் குடியேறுவதாக எழுதுவது எளிதில் நம்பத் தக்கதல்ல. 1969-இல் வெளிவந்த தன் நாவலில் மைக்கேல் கிரைட்டன் இந்தச் சிக்கலை உணர்ந்தே, அமினோ அமிலமே இல்லாத படிக வடிவ உயிரைப் படைத்து, அது வளர்வதற்கு இரத்தத்தின் காரத்தன்மை மிகக் குறுகிய ஓர் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று வைத்தார். ஓயாமல் அழுததால் மூச்சு வாங்கி, இரத்தத்தின் காரம் கூடிப்போன ஒரு கைக்குழந்தை அதனாலேயே பிழைத்துக்கொள்வது, இந்த வகைக் கதைகளில் நான் மிகவும் ரசித்த இடம்.

குட்டி மனிதர்களுக்கு வருவோம். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்ற நம்பிக்கையில் எழுதப்படும் கதைகள் இவை. ஆனால் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அளவுக்குச் சிறுத்தால் கடுகு கடுகாகவே இருக்காது. குளத்து நீர்த் துளி ஒன்றை நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. பரமீசியம் என்னும் ஓரணு உயிர் ஒன்று அழுகிய இலைத் துணுக்கில் முட்டியது, பின்வாங்கியது, சற்றே திரும்பியது, மறுபடி முட்டியது. அதன் ஓட்டத்தில் வழுக்கிச் செல்லுதல் என்பதே இல்லை. நின்றால், நின்ற இடத்திலேயே நின்றது. பாக்டீரியாவின் நிலை இதைவிடத் தீவிரமானது. நீந்துவதை அது நிறுத்தினால், ஓர் அணுவின் விட்டத்தைவிடக் குறைந்த தூரத்திலேயே நின்றுவிடும் என்பதை இயற்பியலர் எட்வர்ட் பர்செல் 1977-இல் வெளியான கட்டுரை ஒன்றில் அழகாக விளக்கியிருக்கிறார். அந்த உலகில் தண்ணீர் கெட்டிப் பாகு. அங்கே கல்லெறிய முடியாது, வாள் வீச முடியாது, ஓடி வந்து தாண்டவும் முடியாது. பிறகு போர் எங்கிருந்து வரும்?

அறிவு எங்கே இருக்கும் என்பது இன்னும் பெரிய கேள்வி. மெகாஃபிராக்மா என்னும் குளவி இனத்தில் 0.2 மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 7,400 நரம்பணுக்களைக் கொண்டு அது வாழ்க்கையை நடத்திவிடுகிறது, அவற்றிலும் பெரும்பாலானவை இடம் போதாமல் தம் உட்கருவையே இழந்துவிட்டவை. நம் மூளையில் இருப்பவையோ சுமார் 8,600 கோடி. ஆகவே ஒரு மைக்ரான் அளவுள்ள தனி உயிர் எதுவும் சிந்திக்காது. சிந்திப்பதாக இருந்தால் கூட்டம்தான் சிந்திக்க வேண்டும். நம் கடல்களில் வாழும் விப்ரியோ ஃபிஷெரி என்ற பாக்டீரியா ஒருவகைக் கணவாயின் உடலுக்குள் ஒளிர்கிறது. ஒவ்வொன்றும் ஒரு வேதிப்பொருளைச் சிறிது சிறிதாகக் கசியவிடுகிறது. கூட்டம் அடர்ந்து அந்தப் பொருள் போதிய அளவு சேர்ந்த பிறகே எல்லாம் விளக்கேற்றுகின்றன. அதைச் சிந்தனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கதைக்கு அதைவிட நல்ல விதை எனக்குத் தெரியவில்லை.

இப்படி வேதிப்பொருளாலேயே பேசிக்கொள்ளும் ஒரு கூட்டத்தின் கணக்கை இனிப் பாருங்கள். சிறு மூலக்கூறு ஒன்று நீரில் தானாகப் பரவி ஒரு மைக்ரானைக் கடக்க விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். அதே மூலக்கூறு ஒரு சென்டிமீட்டரைக் கடக்க ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும், ஏனெனில் தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகிறது. 20 நிமிடத்துக்கொரு முறை இரண்டாகப் பிரியும் உயிருக்கு ஒரு நாள் என்பது 72 தலைமுறை. அதாவது, இத்தகைய உயிர்கள் ஒட்டிப் படர்ந்த, கைவிரல் நகத்தளவே உள்ள ஒரு படலத்தின் இந்த ஓரத்தில் மூதாதை கேட்ட கேள்வி, அந்த ஓரத்தில் எழுபது தலைமுறைக்குப் பின் வந்தவர்களின் காதில்தான் விழும். (காது என்று எழுதிவிட்டேன், பழக்கம் விடுவதில்லை.) இந்த ஒரு கணக்கிலேயே ஒரு நாவலுக்குப் போதுமான துயரமும் நகைச்சுவையும் கிடக்கும்போது, எதற்காக முடியரசும் படையெடுப்பும்?

நானும் ஒரு கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். சனிக் கோளின் துணைக்கோளான என்செலடஸ், பனி ஓட்டுக்கு அடியில் உள்ள கடல்நீரைத் தென்துருவப் பிளவுகளின் வழியே விண்வெளியில் பீய்ச்சுகிறது. 2015 அக்டோபர் 28 அன்று காசினி விண்கலம் அந்தத் தூவலின் ஊடாக, தரையிலிருந்து 49 கிலோமீட்டர் உயரத்தில், விநாடிக்குச் சுமார் 8.5 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. உயிரைக் கண்டறியும் கருவி எதுவும் அதில் இல்லை. என் கதையில், அந்தக் கடலில் வாழும் அப்படியொரு படலத்திலிருந்து பிய்ந்த ஒரு துண்டு பனித்துகளுக்குள் உறைந்து போய், பாதிக் கேள்வியோடு அந்தக் கலத்தில் மோதுகிறது.

அந்தப் படலத்தை எந்தச் சொல்லால் பேசவைப்பது என்பதில்தான் மாதக்கணக்கில் முட்டிக்கொண்டிருந்தேன். "நான்" பொருந்தாது. தமிழில் நல்லவேளையாகப் பன்மைக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது "நாம்", அவரை வெளியே நிறுத்துவது "நாங்கள்". முதல் பதினொரு பக்கங்களில் "நாங்கள்" வந்த இடங்களையெல்லாம் அடித்துவிட்டேன். வெளியே யாருமே இல்லாத கடலில் அந்தச் சொல் அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்காது. பன்னிரண்டாம் பக்கத்தில் காசினி வருகிறது. அங்கே மட்டும் அதை விட்டுவைத்திருக்கிறேன்.