மோனேயின் கடற்கரை ஓவியம் கண்புரையால் மங்கியதா?

"பிரெஞ்சு ஓவியர் க்ளோட் மோனேவுக்குக் கண்புரை. அதனால்தான் அவர் படங்கள் மங்கலாக இருக்கின்றன" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. கூடவே, பிரான்ஸில் உள்ள ட்ரூவில் என்ற ஊரின் கடற்கரையை அவர் வரைந்த ஓவியத்தின் படம். இந்த ஓவியத்தைப் பொறுத்தவரை அது தவறு.

கண்புரை வந்தது உண்மைதான். ஆனால் மருத்துவர்கள் அதைக் கண்டறிந்தது 1912-இல், அறுவை சிகிச்சை 1923-இல். ட்ரூவில் ஓவியம் 1870 கோடையில் வரைந்தது. அப்போது அவருக்கு வயது 29.

சரி, முகங்கள் ஏன் தெளிவாக இல்லை? படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். இடப்பக்கம் குடையோடு உட்கார்ந்திருப்பவர் அவர் மனைவி கமீல். அந்த வெள்ளை உடை, வெயில் படும் இடத்தில் தடித்த வெள்ளை இழுப்புகள், நிழல் விழும் இடத்தில் சாம்பல் கலந்த சாயல். வெயில் எங்கே முடிகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகப் பிடித்த கண்ணையா பழுது என்கிறோம்! கடற்கரை வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். இமையையும் உதட்டையும் தீட்டிக்கொண்டிருந்தால் அது போய்விடும். அதனால் வேகமான, அகலமான தூரிகை வீச்சு. அது அவரே தேர்ந்த வழி.

அவர் அங்கேயே உட்கார்ந்து வரைந்ததற்குச் சாட்சி படத்திலேயே இருக்கிறது. லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள இந்த ஓவியத்தின் சாயத்தில் மணல் துகள்கள் ஒட்டிக் காய்ந்திருக்கின்றன. காற்றில் பறந்து வந்த ட்ரூவில் மணல்!

கண்புரையின் பாதிப்பைப் பார்க்க வேண்டுமானால், தன் தோட்டத்தில் இருந்த ஜப்பானிய பாணிப் பாலத்தை 1920-ஐ ஒட்டி அவர் வரைந்த ஓவியங்களைப் பாருங்கள். அவற்றில் செம்பழுப்பு நிறம் அப்பிக் கிடக்கும்.