கேட்டுக்கு கரண்டு குடுக்கச் சொன்னாங்க, முடியாதுன்னு சொல்லிட்டேன்

போன மாசம் பெங்களூர்ல ஹொரமாவு பக்கம் ஒரு வேலை. பாதி கட்டின வீடு, ஓனர் நம்ம ஊர்க்காரர், வேலூர் பக்கம், ரிட்டயர்டு ஆளு. சுவத்துக்குள்ள நான் இழுத்து வச்சிருந்த ஒயர் அத்தனையும் ஒரே ராத்திரியில உருவிட்டு போயிட்டானுங்க. ஜங்ஷன் பாக்ஸ்ல வெட்டின நுனி மட்டும் ரெண்டு இஞ்ச் ரெண்டு இஞ்சா நீட்டிக்கிட்டு இருக்கு. போர் மோட்டார் கேபிளும் போச்சு. பத்து நாள் வேலைங்க அது, எனக்கே வயிறு எரிஞ்சுது, பி.எஃப் பணத்தைப் போட்டு கட்டுற மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்.

டீ வாங்கிக் குடுத்து உக்கார வச்சு சொன்னார், "தம்பி, மீட்டர்லேர்ந்து ஒரு பேஸ் இழுத்து காம்பவுண்டு கம்பிக்கும் கேட்டுக்கும் குடுத்துடு. ஆர்.சி.சி.பி-க்கு முன்னாடியே எடுத்துக்கோ, இல்லன்னா ட்ரிப் ஆயிடும். வர்றவன் அங்கயே ஒட்டிக்கணும்."

அந்த ஆர்.சி.சி.பி பேச்சுதான் எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. 30 மில்லி ஆம்பியர் லீக் ஆனாலே கட் பண்ணி ஆளைக் காப்பாத்துறதுக்குன்னே வைக்கிற சாமான் அது. எம்.சி.பி, அதான் லோடு ஏறினா விழற ஸ்விட்ச், அது காப்பாத்தாது, அதுக்கு 6 ஆம்பியர் 10 ஆம்பியர் வேணும், மனுஷன் உடம்பு வழியா போற கரண்டு அதுக்கு ஒரு பொருட்டே இல்ல, அது பாட்டுக்கு ஆன்லயே இருக்கும். வீட்டு கரண்டு தொட்டவன் கையை இறுக்கிடும், விடணும்னு நெனச்சாலும் விரல் பிரியாது. கடையில விக்கிற வேலி எனர்ஜைசர் வேற, அது செகண்டுக்கு ஒரு தடவை ஒரு சின்ன அடி அடிக்கும், நடுவுல கையை எடுத்துக்கலாம். அது வேணும்னா போர்டு மாட்டி முறையா போடலாம் சார்னு சொன்னேன். "அது யாரைத் தடுக்கும்?"னு கேட்டார். அப்போ அவர் கேக்கறது வேலி இல்ல.

நான் தர்மபுரிக்காரன். 2023 மார்ச்சுல எங்க மாரண்டஅள்ளி பக்கம் இந்த மாதிரி திருட்டுத்தனமா வச்ச கரண்டு வேலியில மூணு யானை செத்துச்சு, கூட வந்த ரெண்டு குட்டி அங்கயே சுத்திச் சுத்தி நின்னுச்சு. யானையைக் கொல்லணும்னு யாரும் அங்க கம்பி கட்டல. கம்பிக்கு வர்றது யாருன்னு தெரியாது, அவ்வளவுதான் விஷயம்.

சட்டத்தைப் பத்தி நம்ம ஆளுங்க "என் வீட்டுக்குள்ள வந்தா என்ன வேணா பண்ணலாம்"னு பேசிக்கிறாங்க. அப்படி இல்லீங்க. 2024 ஜூலையிலேர்ந்து ஐ.பி.சி-க்கு பதிலா வந்திருக்கிற பி.என்.எஸ்-ல, அதான் பாரதிய நியாய சன்ஹிதாவுல, 41-வது பிரிவு இருக்கு. பொருளைக் காப்பாத்த உயிரை எடுக்கற அளவுக்கு போகலாம்னு சொல்ற இடம் கொஞ்சம்தான்: வழிப்பறி கொள்ளை, சூரியன் விழுந்து எழறதுக்குள்ள வீட்டை உடைச்சு நுழையறது, குடியிருக்கற இடத்துக்கோ சாமான் வைக்கிற இடத்துக்கோ தீ வைக்கிறது வெடி வைக்கிறது, அப்புறம் தடுக்கலன்னா உயிரே போயிடும் இல்ல பலத்த காயம் ஆயிடும்னு நியாயமா பயப்படற மாதிரி நடக்கற திருட்டு, அத்துமீறல். வெறும் திருட்டுன்னா தடுக்கலாம், புடிக்கலாம், அடி பட்டாலும் பரவால்ல, உயிர் போகக் கூடாது. 37-வது பிரிவு இதுக்கெல்லாம் மேல ஒண்ணு சொல்லுது, எவ்வளவு தேவையோ அதுக்கு மேல கை ஓங்கக் கூடாது, போலீசைக் கூப்பிட நேரம் இருந்தா அந்த உரிமையே கெடையாது.

இது எனக்கு சரின்னுதான் படுது. ராத்திரி ரெண்டு மணிக்கு என் பொண்ணு தூங்கற ரூம் ஜன்னலை ஒருத்தன் உடைச்சுக்கிட்டு வந்தான்னா கைல கெடைக்கறதை எடுத்து அடிப்பேன், எங்க அடிக்கறோம்னு பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன், அதுக்கு நான் யாருகிட்டயும் மன்னிப்பு கேக்கவும் போறதில்ல. ஆனா அவன் திரும்பி ஓட ஆரம்பிச்சுட்டா கையை எறக்கிடணும். ஓடறவன் முதுகுல போடற அடிக்கு என் பொண்ணு பேரைச் சொல்லக் கூடாது. கம்பத்துல கட்டி வச்சு தெருவே சேந்து அடிக்கறதும் அப்படித்தான். 2018-ல கேரளாவுல அட்டப்பாடியில அரிசி திருடினான்னு ஒரு ஆதிவாசி இளைஞனைக் காட்டுக்குள்ள புடிச்சு கையைக் கட்டி அடிச்சே கொன்னாங்க, கட்டிப் போட்டவன்கிட்ட இவங்களுக்கு என்ன பயம்? 2023-ல 13 பேருக்கு 7 வருஷம் ஜெயில் குடுத்தாங்க.

கம்பிக்கு பயமும் கெடையாது, அவன் ஓடறானா கும்பிடறானான்னு பாக்கற கண்ணும் கெடையாது. இந்தக் கேள்வி நம்ம சுப்ரீம் கோர்ட்டுக்கே போயிருக்கு, 1963-ல, செரூபின் கிரிகோரி எதிர் பீகார் அரசு. பக்கத்து வீட்டு கக்கூஸ் சுவர் இடிஞ்சு விழுந்துடுச்சு, அந்த வீட்டு ஆளுங்க இவர் கக்கூசுக்கு வந்து போயிருக்காங்க. வராதேன்னு சொல்லிப் பாத்திருக்கார், கேக்கல, செப்புக் கம்பியைக் கட்டி கரண்டு குடுத்துட்டார். உள்ள போகும்போது தப்பிச்ச ஒரு பொம்பளை வெளிய வரும்போது கை பட்டு செத்துப் போச்சு. அத்துமீறி வந்தாங்க, அதனால தற்காப்புன்னு வாதாடினாங்க, கோர்ட் ஒத்துக்கல, தண்டனை நின்னுச்சு. அத்துமீறி வந்தவங்கறதுக்காக எவன் வேணா கொன்னு போடலாம்னு ஆயிடாதுன்னு தெளிவா சொல்லிட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, கக்கூசுக்குப் போன ஒரு பொம்பளை.

இதை ஓனர்கிட்டயும் சொன்னேன். அந்தத் தெருவுலயே மூணு சைட்ல வாட்ச்மேன் குடும்பம் தகர ஷெட் போட்டு இருக்கு, ராய்ச்சூர் பக்கத்து ஜனங்க, அதுங்க புள்ளைங்க பந்து எடுக்க அந்தக் கேட்டு மேலதான் ஏறுதுங்க, நானே பாத்திருக்கேன். "பகல்ல ஆஃப் பண்ணிடுவேன்"னார். ஒரு நாள் மறந்துட்டா சார்? பதில் இல்ல. சென்சார் லைட்டும் கேமராவும் போட்டுத் தரேன், கூலி கூட அப்புறம் குடுங்க, ஒயர் இழுக்கறதை கதவு மாட்டினதுக்கு அப்புறம் வச்சுக்கலாம்னு சொன்னேன். கணக்கை முடிச்சு காசைக் குடுத்துட்டு, "வேற ஆள் இல்லாமயா போயிடுவான்"னு சொல்லி அனுப்பிட்டார். அவர் மேல எனக்கு கோவம் இல்ல, ஆனா இதைப் படிக்கறவங்கள்ல எலக்ட்ரீஷியன் யாராவது இருந்து, இந்த மாதிரி வேலைக்குக் கூப்பிட்டாங்கன்னா, கையெடுத்து கும்பிடறேன், பண்ணாதீங்க.

அந்த ரோடு வழியாத்தான் இப்ப வேற சைட்டுக்குப் போறேன். தெனமும் வண்டியை ஓரம் கட்டி அந்தக் கேட்டுல டெஸ்டர் வச்சுப் பாத்துட்டுதான் போறேன். நேத்து வரைக்கும் லைட் எரியல.