காப்பீடு லண்டன் காபிக் கடையில் பிறந்ததா?

“1688-ல் எட்வர்ட் லாயிட் என்பவரின் லண்டன் காபிக் கடையில்தான் உலகின் முதல் இன்சூரன்ஸ் பிறந்தது” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அந்தக் கடை இருந்தது உண்மை. கப்பல்காரர்களும் வணிகர்களும் அங்கே கூடியதும் உண்மை. ஆனால் காப்பீடு அதற்கு வெகுமுன்பே நடைமுறையில் இருந்தது. வணிகர்களின் காப்பீட்டு வழக்குகளை விசாரிக்க இங்கிலாந்து நாடாளுமன்றமே 1601-ல் சட்டம் இயற்றியிருக்கிறது. முதலாம் எலிசபெத் காலச் சட்டத் தொகுப்பில் அதைப் பார்க்கலாம்.

இன்னும் பின்னே போனால் இத்தாலி. ஜெனோவாவிலிருந்து மயோர்கா தீவுக்குப் போன கப்பலுக்காக 1347-ல் எழுதிய ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. வெளிப்பார்வைக்கு அது கடன் பத்திரம், உள்ளே காப்பீடு. பார்சிலோனா 1435-ல் கடல் காப்பீட்டுக்கு விதிகளே வகுத்தது.

இதன் வேர் பழைய ஏதென்ஸின் கடல் கடனில் தெரிகிறது. கப்பல் மூழ்கினால் கடனைத் திருப்பித் தர வேண்டாம். பத்திரமாகத் திரும்பினால் வட்டியோடு கட்ட வேண்டும். ஏதென்ஸின் புகழ்பெற்ற பேச்சாளர் டெமாஸ்தனிஸின் 35-ஆம் உரையில் உள்ள ஒப்பந்தத்தில் ஆயிரம் டிராக்மாவுக்கு (பழைய கிரேக்க நாணயம்) 225 டிராக்மா வட்டி. பருவம் தப்பிப் புறப்பட்டால் 300. ஆபத்து கூடினால் விலையும் கூடும் என்ற கணக்கு அப்போதே தெளிவாக இருந்திருக்கிறது! கடனைக் கழித்துவிட்டு ஆபத்தை மட்டும் விலைபேசியது இத்தாலிய வணிகர்கள் செய்த பெரிய மாற்றம். என் பார்வையில், பிறப்பு என்று ஒன்றைச் சொல்வதானால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

அந்தச் செய்தி உங்கள் குழுவுக்கு வந்தால் தயவுசெய்து மேலும் பகிராதீர்கள். அனுப்பியவரிடம் இந்த விவரத்தைச் சொல்லுங்கள்.