ஒரே புள்ளிப் பட்டியல், இரண்டு ஜோடிகள்: பிழை மென்பொருளில் அல்ல

சமப் புள்ளி பெற்றவர்களைச் சுற்றுதோறும் மோதவிடும் ஒரு சதுரங்கப் போட்டியின் விவரங்களை, ஜோடி சேர்க்கும் இரண்டு மென்பொருள்களில் உள்ளிட்டபோது மூன்றாம் சுற்றுக்கு வெவ்வேறு ஜோடிகள் வந்தால், அவற்றில் ஒன்று பிழையானது என்று நினைக்கத் தோன்றும். அப்படி இருக்கவேண்டிய அவசியமில்லை. ஒன்று ஃபிடேயின் (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) டச்சு முறை என்ற ஜோடி சேர்க்கும் விதிகளையும் மற்றொன்று அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிகளையும் பின்பற்றினால், இரண்டும் தத்தம் விதிப்படி சரியாக இருக்கலாம்.

சமப் புள்ளியில், இதுவரை தங்களுக்குள் மோதாத நால்வரின் ரேட்டிங் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) 2100, 1950, 1840, 1700 என்று வைத்துக்கொள்வோம். மேல்பாதியைக் கீழ்பாதியோடு சேர்த்தால் 2100–1840, 1950–1700 என்று வரும். ஆளுக்கு ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் ஆடிய நிலையில், முதல் ஜோடியின் இருவருக்குமே அடுத்து வெள்ளை, மற்ற இருவருக்கும் கறுப்பு வரவேண்டும் என்றால், டச்சு முறை ரேட்டிங் இடைவெளியைப் பாராமல் 2100–1700, 1950–1840 என மாற்றிவிடும். அமெரிக்க விதியோ, நிறம் மாறி மாறி வருவதற்காக மட்டும் செய்யும் இடமாற்றத்தை 80 ரேட்டிங் புள்ளி வித்தியாசத்துக்குள் அடக்குகிறது. வெள்ளை, கறுப்பு எண்ணிக்கையைச் சமன்செய்வதற்கானால் வரம்பு 200. இங்கே எண்ணிக்கை ஏற்கெனவே சமமாக இருப்பதால் 80தான் வரம்பு; இடம் மாறவேண்டியவர்களுக்குள் இடைவெளிகளோ 150 (2100, 1950), 140 (1840, 1700) என்பதால் முதல் ஜோடிகளே நிற்கும். (நடுவரின் விருப்புரிமைக்கும் அங்கே சற்றுக் கூடுதல் இடமுண்டு.)

சரிபார்க்க விரும்புவோர் ஃபிடே கையேட்டின் சி.04.3 பகுதியையும் அமெரிக்க விதிநூலின் 29இ5 (29E5) பிரிவையும் அருகருகே வைத்துப் படிக்கலாம். ஃபிடே முறையில் நடந்த போட்டியானால், அதன் முடிவுகள் அடங்கிய டிஆர்எஃப் (TRF) கோப்பை ஜாவாஃபோ (JaVaFo) போன்ற, ஜோடி சேர்க்கும் இலவச நிரலில் கொடுத்து, வெளியான ஜோடிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.