பிளேஸ்டேஷன் 5-இல் தொடங்கிய வழக்கம் அல்ல இது

"ஒரே கேமைப் பழைய கன்சோலுக்கும் புதியதற்கும் சேர்த்து விடுவது பிளேஸ்டேஷன் 5 வந்த பிறகு தொடங்கிய பேராசை" என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு. கன்சோல், அதாவது டிவியில் இணைத்து கேம் ஆடும் கருவி, உலகில் இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம்.

2006-இல் நிண்டெண்டோ நிறுவனத்தின் வீ கன்சோல் வெளிவந்தபோது 'செல்டா: ட்வைலைட் பிரின்சஸ்' என்ற கேம் அதனுடனேயே வந்தது; அடுத்த மாதமே அதே நிறுவனத்தின் பழைய கன்சோலான கேம்கியூபுக்கும் வந்தது. இதில் ஒரு வேடிக்கை: நாயகன் லிங்க் இடது கைக்காரன். வாள் வீசுவதுபோல் கையில் பிடித்து அசைத்து ஆடும் வீ ரிமோட்டையோ பெரும்பாலோர் வலது கையில்தான் வீசுவார்கள். அதனால் வீ பதிப்பில் மொத்த உலகத்தையுமே கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகத் திருப்பிவிட்டார்கள். ஒன்றில் கிழக்கே இருக்கும் ஊர் மற்றதில் மேற்கே! அப்புறம் 2017-இல் இன்னொரு செல்டா கேமான 'பிரெத் ஆஃப் தி வைல்டு' நிண்டெண்டோவின் பழைய வீ யூ, புதிய ஸ்விட்ச் இரண்டிலும் ஒரே நாளில் வந்தது. 'பெர்சோனா 5' பிளேஸ்டேஷன் 3-க்கும் 4-க்கும் வந்தது.

சரி, பழைய கருவி புதியதைப் பின்னுக்கு இழுக்கிறது என்ற உங்கள் ஆதங்கத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. பிளேஸ்டேஷன் 4-இல் சுழலும் ஹார்ட் டிஸ்க், 5-இல் சுழலும் பாகமே இல்லாத, வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி. மெதுவான வட்டுக்கும் சேர்த்து வடிவமைத்தால், அடுத்த பகுதி ஏறும்வரை ஆட்டக்காரரைக் குறுகலான சந்துக்குள் நடக்கவிட வேண்டியதுதான்.

ஆனால் அடி எப்போதும் புதிய பதிப்புக்கே விழுவதில்லை. 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' கேம் பழைய கன்சோல்களில் திணறிய திணறலில் பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. திரும்பி வந்தது 2021 ஜூனில்தான்.