ஒவ்வொரு ஈய மோதலும் ஓர் அணுகுண்டா?

திருவாரூர், மன்னார்குடி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவது: "ஜெனிவாவில் ஈய அணுக்கருக்களை மோதவிடுகிறார்கள்; ஒவ்வொரு மோதலும் ஓர் அணுகுண்டு." தவறு.

அங்குள்ள செர்ன் ஆய்வகத்தின் முடுக்கியில் (துகள்களை ஒளிவேகத்துக்கு அருகே விரட்டி மோதவிடும் கருவி) ஒரு மோதலின் மொத்த ஆற்றல் சுமார் 1,000 டெரா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு). கேட்கப் பயங்கரம்தான், கணக்கிட்டால் 0.00016 ஜூல். களத்தில் இடுப்புயரத்திலிருந்து விழும் ஒற்றை நெல்மணிக்கே ஏறக்குறைய அவ்வளவு உண்டு. அந்தச் சிறு ஆற்றல் அணுக்கரு அளவு இடத்தில் குவிவதால்தான் புரோட்டான், நியூட்ரான்கள் உருகுகின்றன.

இம்மோதல்கள் கருவின் வடிவத்தையும் காட்டும். அமெரிக்காவின் ஆர்எச்ஐசி முடுக்கியில் தங்கத்தோடு தங்கம், யுரேனியத்தோடு யுரேனியம் மோதவிட்டு ஒப்பிட்டார்கள் (முடிவு 2024இல் வெளியானது). யுரேனியத்தில் துகள்களின் நீள்வட்டப் பாய்ச்சல் (எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறாமல் ஒரு வாக்கில் கூடுதலாகப் பாய்வது) அதிகம். காரணம், அதன் கரு நீண்டது. ஆனால் மையம் விலகி மோதினால், உருண்டைக் கருக்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பரப்பும் நீள்வட்டமாகி ஏமாற்றிவிடும். அதனால் மிக அதிகத் துகள்கள் சிதறிய, நேருக்கு நேர் மோதல்களை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள்.